‘எச்.’ என்று எழுதிய அறுபத்து மூன்று சீட்டுகள்

வௌவால் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் கேட்டார். வலை கட்டுவது, எடை பார்ப்பது, கையுறை மாற்றுவது எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்ப எழுதப் போவதில்லை. இருபத்தோரு வருடங்கள் இந்த வேலையில் இருந்தேன். நாட்குறிப்பு எழுதாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. அந்த நோட்டுகளைப் புரட்டியபோது, உங்களிடம் சொல்லியாக வேண்டியது என்று ஒன்றுதான் கண்ணில் பட்டது. அது நான் செய்த தவறு. சரியாகச் சொன்னால் இரண்டு தவறுகள். முதலாவதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவதை நானேதான் கண்டுபிடித்தேன், தாமதமாக.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். தோட்டத்து மக்கள் எழுத்தரைக் கிராணி என்பார்கள். வௌவால் எச்சம் பொறுக்க வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கிராணியம்மா என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. எதையும் எழுதி வைப்பவள் என்ற பெயர் அல்லவா.

ரந்தாவிலிருந்து கோலா சாவா போகும் பாதையில், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அதன் பின்பக்கம் ஆறு. ஆறு அங்கே இரண்டு முறை வளையும். மேல் வளைவிலும் கீழ் வளைவிலும் பழைய காட்டு அத்தி மரங்கள் நின்றன. இரண்டுக்கும் நடுவே கரை மொட்டை. யாரோ எப்போதோ வெட்டிவிட்டு அப்படியே விட்டது. மழைக்காலத்தில் அந்த இடத்தில் மண் சரிந்துகொண்டே இருந்தது. கீழ் வளைவை ஒட்டித் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகள். பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன, ஆட்கள் சிரம்பான் நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் சரோஜா அக்கா இருந்தார். முன்பு ரப்பர் இருந்த காலத்தில் பால் மரம் வெட்டியவர். அறுபது வயது இருக்கும். வீட்டின் பின்னால் கரை வரைக்கும் வெண்டை, கங்குங் கீரை, நாலு வரிசை மரவள்ளி போட்டிருந்தார். அந்த மண்ணை ஆற்றில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவை கீழ் வளைவு அத்திகளின் வேர்கள்தான்.

தோட்டத்தில் மறுநடவு வந்தது. கிழட்டுச் செம்பனைகளைத் தள்ளிவிட்டுப் புதுக் கன்று வைக்கும்போது, இரண்டு வளைவுகளையும் சேர்த்துத் துப்புரவாக்கிவிடலாம் என்பது மேனேஜரின் யோசனை. எங்கள் டாக்டர் போய்ப் பேசினார். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், சிரம்பான்காரர். அந்த அத்திப் பழங்களைத் தின்னும் குறுமூக்கு வௌவால்களைப் பற்றித்தான் எங்கள் ஆராய்ச்சி. அத்தியை விட்டுவைத்தால் மொட்டைக் கரையை வௌவால்களே நட்டுத் தரும், ஒரு ஆளும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். “வௌவால் வயிற்றுக்குள் போய் வந்த விதை முளைக்கும் என்று எனக்குக் கண்ணால் காட்டுங்கள். முளைத்தால் இரண்டு வளைவையும் தொட மாட்டேன்” என்று மலாயில் சொன்னார். மூன்று மாதம் தவணை கொடுத்தார்.

இங்கே வௌவாலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கதைக்கு வேண்டும். குறுமூக்கு வௌவால் அத்தி மரத்திலேயே உட்கார்ந்து தின்பதில்லை. பழத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்துச் செம்பனை மட்டைக்கு அடியில் போய்த் தொங்கும். சதையை மென்று, அண்ணத்தில் வைத்து அழுத்திச் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, சக்கையைத் துப்பிவிடும். நாம் கரும்பு தின்கிற மாதிரி. சக்கை அந்த மட்டைக்குக் கீழேயே விழும். சாற்றோடு உள்ளே போன பொடி விதைகள் அரை மணி நேரத்துக்குள் எச்சமாக வெளியே வந்துவிடும். அதற்குள் வௌவால் பறந்திருந்தால் எச்சம் எங்கே வேண்டுமானாலும் விழும். பறவை உட்கார மரம் தேடும். வௌவாலுக்கு அது வேண்டாம், பறந்துகொண்டே போடும். மொட்டை நிலத்துக்கு விதை போய்ச் சேர்வது அப்படித்தான்.

ஆக, மேனேஜருக்குக் காட்ட வேண்டியது எச்சம். டாக்டரின் ஆராய்ச்சிக்கு எச்சமும் வேண்டும், துப்பிய சக்கையும் வேண்டும்.

செம்பனைகளுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைப்போம். விடிந்ததும் போய்ப் பொறுக்குவோம். அந்தக் காலைகளை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். தோட்டத்துப் பனிமூட்டம் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். துணி ஈரமாக இருக்கும். அத்திப்பழ எச்சத்துக்குத் துர்நாற்றம் கிடையாது, லேசாகப் புளித்த பழ வாசனைதான் வரும். சரோஜா அக்கா முன்னால் போவார், நான் நோட்டும் சீட்டுகளும் வைத்துக்கொண்டு பின்னால். அவருக்கு நாங்கள் அரை நாள் வேலை கொடுத்திருந்தோம். பொறுக்குவது, பூட்டிக் கிடந்த ஆயாக்கொட்டகையில் தட்டுகளில் விதைப்பது, தண்ணீர் தெளிப்பது. ஒரு காலத்தில் பால் மரம் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற கொட்டகை அது. தொட்டில் கட்டிய கம்பிகள் கூரையில் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே எங்கள் விதைத் தட்டுகள்.

மறுநடவு ஆட்களை மேற்பார்த்த மண்டோர் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போவார்.

“என்ன கிராணியம்மா, வௌவா பீயைப் பொறுக்கிப் பெட்டியில வைக்கிறீங்க. பேங்க்ல போடுவீங்களா?”

“ஒன் மூஞ்சிய விட இது வாசனையாத்தான் இருக்கு, போடா” என்பார் சரோஜா அக்கா. மண்டோருக்கும் வயது ஐம்பதுக்கு மேல். அவர் குழந்தையாக இருந்தபோது தூக்கி வளர்த்தவர் என்பதால் அக்காவின் ‘டா’ செல்லும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

டாக்டர் எங்களிடம் சொன்னது: களத்தில் எந்த மொழியில் வேகமாக எழுத வருமோ அதில் எழுதுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். நான் தமிழில் எழுதினேன். முதல் வாரம் ஒவ்வொரு பொட்டலத்தின் சீட்டிலும் எண், தேதி, மரம், பிறகு எச்சம் அல்லது எச்சில் என்று முழுதாக எழுதினேன். விதைத்த பின் அதே சீட்டு தட்டில் இருக்கும். வயிற்றிலிருந்து வந்தது எச்சம். வாயிலிருந்து துப்பியது எச்சில். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சீட்டு சிறியது, மை ஊறியது, அவசரம். ‘எச்.’ என்று சுருக்கினேன். சீட்டிலும் சுருக்கினேன், நோட்டிலும் சுருக்கினேன். எழுதும் போது எது எதுவென்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். எட்டு வாரம் அப்படியே எழுதினேன். இரண்டு சொற்களும் மூன்றாவது எழுத்தில்தான் பிரிகின்றன என்பது ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை.

மேனேஜர் சனிக்கிழமை வருவதாக இருந்தார். வியாழக்கிழமை டாக்டர் கணக்குச் சரிபார்க்க வந்தார். கொட்டகைத் தரையில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக்கொண்டே வந்தார்.

“அக்கா, பதிமூணாம் நம்பர்?”

“எச்.”

“எச்-னா?”

நான் அந்தத் தட்டின் சீட்டைப் பார்த்தேன். அதிலும் ‘எச்.’தான். அவர் அடுத்த பக்கம் திருப்பினார், அதற்கடுத்த பக்கமும். பிறகு நோட்டை மூடாமலே மடியில் வைத்துக்கொண்டார்.

“முழுசா எழுதினது எத்தனை?”

“பன்னிரண்டு. முதல் வாரத்தோடது.”

“மிச்சம்?”

“அறுபத்து மூணு.”

அந்தப் பன்னிரண்டில் எச்சத் தட்டுகள் ஆறு. நாங்கள் வேலை பழகாத வாரம், தண்ணீர் அதிகமாக ஊற்றி நான்கை அழுகவிட்டோம். இரண்டில் மட்டும் பச்சை தெரிந்தது. அறுபத்து மூன்றில் பாதிக்கு மேல் அருமையாக முளைத்து நின்றன. ஆனால் அவற்றில் எது வௌவால் வயிற்றுக்குள் போய் வந்தது, எது வாயோடு நின்றது என்று சொல்ல என்னிடம் எழுத்து இல்லை. மண்ணில் விதைத்தபின் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மண்டோர் வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

“இதுக்கு ஏன்லா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு. நல்லா மொளைச்சதெல்லாம் எச்சம்னு எழுதுங்க. மொளைக்காததெல்லாம் எச்சில். யாரு வந்து வௌவாகிட்ட கேக்கப் போறா?”

சொல்லக் கூசுகிறது, எனக்கும் விடியற்காலை அதே யோசனை வந்திருந்தது. எச்சம் நன்றாக முளைக்கிறதா என்பதுதான் கேள்வி. நன்றாக முளைத்ததை எடுத்து இதுதான் எச்சம் என்று பெயர் வைத்தால், கேள்வி கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம். இதை மண்டோரிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மோட்டாரை உதைத்தார். சரியாக நடந்துகொண்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவர் போன பிறகு சரோஜா அக்கா தண்ணீர் டின்னைக் கீழே வைத்தார்.

“கிராணியம்மா, எனக்குத் தெரியும்.”

“என்னக்கா?”

“எது எச்சில்னு. நான் எச்சிலக் கையால தொடலையே. கரண்டியாலதான் எடுத்து வச்சேன். எச்சத்தத்தான் கையால தூவினேன்.”

“கையுறை போட்டுத்தானேக்கா எல்லாம் செஞ்சீங்க.”

“ஒற போட்டா மட்டும்? எச்சில் எச்சில்தானே. இன்னொரு வாயில இருந்து வந்ததுங்க. எச்சம்னா என்ன, சாணி மாதிரி. அதத் தொட்டா ஒண்ணும் இல்ல.”

டாக்டர் அப்போது அங்கே இல்லை. முடிவு என் கையில் இருந்தது. நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கீழ் வளைவு போனால் முதலில் போவது இவர் தோட்டம். இவர் சொல்வதை ஏற்றுக்கொண்டால் மரம் நிற்கும். அப்படிப்பட்டவர் சொல்லும் சாட்சி எப்படிச் செல்லும்? அதோடு, இது எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாத ஒன்றை நான் எப்படி அறிக்கையில் சேர்ப்பேன்?

“வேணாங்கக்கா. எழுதினது மட்டும்தான் கணக்கு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “அப்ப நான் பொய் சொல்றேன்?”

“அப்படி இல்லக்கா.”

“நீ எழுதாததுக்கு நான் பொய்க்காரியா?”

அதுவரை என்னை நீங்க என்றே சொல்லி வந்தவர். டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். மீதித் தட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத் தெளித்தார்.

நடந்ததை டாக்டரிடம் ஃபோனில் சொன்னேன். மண்டோர் சொன்னதையும் அக்கா சொன்னதையும் ஒரே மூச்சில், இரண்டையும் மறுத்துவிட்டதாகச் சொன்னேன். அவர் காரில் இருந்தார், சரியாகக் கேட்கவில்லை. சரி என்றார்.

சனிக்கிழமை மேனேஜரிடம் பன்னிரண்டு தட்டுகளைக் காட்டினோம். தவறு எங்களுடையது, மற்றவற்றைப் பற்றி எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். மேனேஜர் இரண்டு தட்டுகளையும் குனிந்து பார்த்தார். “இரண்டு தட்டுக்காக நான் இரண்டு வளைவை விட முடியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கீழ் வளைவில் திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும், மேல் வளைவு அந்த வாரக் கடைசியில் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாட்குறிப்பை எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைக் குறிப்பில் விட்டுப்போனதையும் சேர்த்தே எழுதினேன். ‘முளைத்ததை வைத்துப் பெயர் எழுதும்படி மண்டோர் சொன்னார். மறுத்தேன்.’ அடுத்த வரி: ‘கரண்டியால் வைத்தது எச்சில் என்று சரோஜா அக்கா சொன்னார். மறுத்தேன்.’ இரண்டு வரிகளும் ஒரே நீளம். ஒரே சொல்லில் முடிந்தன. மண்டோர் சொன்னது புரட்டு. அக்கா சொன்னது தகவல். நான் இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறேன். தகவல் உண்மையா என்று தெரியாவிட்டால் சோதித்துப் பார்க்கத்தானே நமக்குச் சம்பளம்? சோதிக்க வழியும் இருந்தது. முழுதாக எழுதிய பன்னிரண்டு தட்டுகளும் கொட்டகையிலேயே இருந்தன. எது எச்சம், எது எச்சில் என்று அவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீட்டுகளை மறைத்துவிட்டு அவரைச் சொல்லச் சொன்னால் போதும். அவருக்கு மரம் வேண்டும் என்ற ஆசை, மறைத்த சீட்டுக்குள்ளே நுழைந்து பார்க்காது.

டாக்டரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா லாபுவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மேனேஜர் ஃபோனை எடுக்கவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் கூடினோம். டாக்டர் பன்னிரண்டையும் மற்றவற்றோடு கலந்து, இடம் மாற்றி, சீட்டுகளின் மேல் தாள் ஒட்டியிருந்தார். எந்தத் தட்டு எது என்பது அவருக்கே தெரியாதபடி கலைக்கும் வேலையை அவருடைய காரோட்டியை விட்டுச் செய்ய வைத்தார்.

அக்கா வந்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் தட்டுகளின் நடுவே நடந்தார். குனியக்கூட இல்லை.

“இது கை. இது கை. இது கரண்டி.”

“எப்படிக்கா சொல்றீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“கையால தூவினா பரந்து மொளைக்கும். கரண்டியால வச்சா ஒரே எடத்துல குமிஞ்சு நிக்கும். இதுக்குப் படிக்கணுமா? கண்ணு இருந்தாப் போதும்லா.”

அழுகிய நான்கிலும் வெள்ளை வேர் நுனிகள் பரந்து செத்துக் கிடந்ததை அவர்தான் காட்டினார். தாள்களைக் கிழித்தோம். பன்னிரண்டும் சரி. பிறகு மிச்சத்தைச் சொல்லச் சொல்ல, நான் ‘எச்.’ என்ற எழுத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக முழுச் சொல்லையும் எழுதினேன். பச்சையாக நின்றவற்றில் பெரும்பாலானவை எச்சம். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் ஆற்றுப் பக்கமிருந்து இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் தட்டுகளில் பத்தைக் காரில் ஏற்றி மேனேஜர் அலுவலகத்துக்கே கொண்டுபோனார். சோதனையைச் செய்த விதத்தையும் சொன்னார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மண்டோருக்கு ஃபோன் செய்தார். மதியத்துக்கு முன் இயந்திரம் நின்றது. மேல் வளைவு தப்பியது. இன்றைக்கும் நீங்கள் பயிற்சிக்குப் போகும் வளைவு அதுதான். பக்கத்து மொட்டைக் கரையில் இப்போது உங்கள் தலைக்கு மேல் நிற்கும் இளமரங்களை யாரும் நடவில்லை.

கீழ் வளைவில் அதற்குள் ஒரு அத்தியும் மிச்சமில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முழுச் சொல்லை எழுதுங்கள் என்று சொல்ல மாட்டேன், அது கையேட்டிலேயே இப்போது இருக்கிறது, என்னால்தான் வந்தது. நான் சொல்வது வேறு. எழுதப்படாததெல்லாம் பொய் என்று நினைக்கும் இடத்துக்கு, எழுதிப் பழகியவர்கள் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். உங்களோடு வேலை செய்பவர் ஒன்றைச் சொன்னால், நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அன்றே சோதியுங்கள். நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று நாளுக்குள் மரங்கள் போய்விட்டன.

அன்று பிற்பகல் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் யாருமில்லை. பின்பக்கம் மரவள்ளிக்கு நடுவே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த வானம் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. அத்தனை வெளிச்சம் அந்த இடத்தில் நான் பார்த்ததில்லை.

“அக்கா, பன்னெண்டும் சரியாச் சொன்னீங்க. பாஸ்” என்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னது.

“பாஸா? நான் எப்பம்மா பரீட்சைக்கு வந்தேன்? நீ ஃபெயிலானதுக்கு என் பேருல மார்க் போடுற.”

அவர் கரையைப் பார்த்தார்.

“ஒங்க வௌவா இந்தக் கரைக்கு மரம் வைக்க எத்தன வருஷமாகும்?”

“மண்ணப் பிடிக்கிற அளவுக்கு வேர் வர்றதுக்கு, பத்து வருஷம்.”

“அப்ப எனக்கு எழுவதாயிடும்” என்று சொல்லிச் சிரித்தார். கரையோரம் போய் வேலிக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். அடுத்த மழைக்கு ஆறு எடுத்துக்கொள்ளப் போகும் இடத்தை இப்போதே விட்டுவிட்டு, வேலியை மூன்றடி உள்ளே தள்ளி நடப் போகிறார் என்று புரிந்தது. வேலி நேராக வர ஒரு முளைக்குச்சியில் கயிற்றைக் கட்டினார். மறுமுனையைத் தரையிலிருந்து நான் எடுத்தேன்.

“நேராப் புடி” என்றார்.

பிடித்தேன்.